காலி சீட்டுக்கு ஒரு கர்சீப்

விநாயக்: புரோகிராம் திரும்பவும் தொங்கிடுச்சு ஷைலா! ஃபேன் மட்டும் கத்துது, ரிசல்ட் வரல.

ஷைலா: நிறுத்து, நிறுத்து... லேப்டாப் சூடு மடியைச் சுட்டுடும். எங்க மாட்டுது?

ராஜப்பா: ஏம்மா, சீட்டுல கெடக்கற இந்தக் கர்சீப் யாருது? டிரெயின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனே தாண்டிடுச்சு, ஆளைக் காணோம்.

ஷைலா: எங்க ஆபீஸ் ஹரோல்டோடது, ராஜப்பாண்ணா. கோரமண்டல் ஸ்டேஷன்ல ஏறுவான்.

ராஜப்பா: முட்டி வேற வலிச்சினு கீது... சரி, சரி. நிக்கறேன்.

விநாயக்: பில் பைல், டாக்ஸ் கணக்கு போடற வரி பைலை உள்ள கூப்பிடுது, இம்போர்ட் பண்ணுது. வரி பைல் திரும்ப பில் பைலையே இம்போர்ட் பண்ணுது. பைலைப் படிச்சு ஓட்டற நம்ம கம்பைலர் இதைத் திறக்குது, அதைத் திறக்குது, மறுபடி இதைத் திறக்குது...

ஷைலா: ரெண்டையும் ஒரே பைலாக்கிடு.

விநாயக்: கஸ்டமர் எழுதினது. கை வெச்சா கொன்னுடுவாங்க.

ஷைலா: பத்து மணி டெமோல அவங்க முன்னாடி இப்படிச் சுத்துச்சுன்னா நாம உருவாக்கின ஸ்கிரிப்ட் மொழியும் போச்சு, நம்ம டீமும் போச்சு.

விநாயக்: பயப்படாதே. ஹரோல்ட் வந்தா முடிச்சுடுவான். டெமோவும் அவன்தானே பேசப் போறான்...

ஷைலா: ஆமா... அவன்தான். அதுக்குள்ள நீ பாரேன்.

ராஜப்பா: கோரமண்டல் வந்துச்சு. யாரும் ஏறலியே?

விநாயக்: பின்னாடி பெட்டில ஏறியிருப்பான்.

ஷைலா: ஆமாண்ணா, பின்னாடி பெட்டி.

ராஜப்பா: இன்னாம்மா அநியாயம்! ஆளே இல்ல, அவன் பேர்ல சீட்டு மட்டும் கீது!

விநாயக்: ஷைலா... இப்ப இன்னா சொன்னார்?

ஷைலா: நம்மளைத் திட்டினார்.

விநாயக்: இல்ல... ஆள் வர்றதுக்கு முன்னாடியே சீட்டு! நாம பைலை முழுசா படிச்சு முடிச்சப்புறம்தான் ‘வந்தாச்சு’ன்னு பதியறோம். அதான் சுத்துது. திறந்த உடனே அது பேர்ல ஒரு காலி இடம் போட்டுடணும். வரி பைல் வந்து கேட்டா, அந்த இடத்தைக் காட்டிட்டு மேல போய்னே இருக்கணும். அந்த பைல் வெளிய குடுக்கற எக்ஸ்போர்ட் எல்லாம் அப்புறமா வந்து உக்காரும்.

ஷைலா: அதுக்குள்ள எவனாவது கர்சீப்கிட்டயே பேச்சு குடுத்தா?

விநாயக்: ‘ஆள் இன்னும் வரல’ன்னு எரர் காட்டுவோம்.

ஷைலா: டைப் அடி, அடி... பேசாம அடி.

ராஜப்பா: பங்காரப்பேட்டை வருது. கூட்டம் ஏறும்மா...

ஷைலா: ஒரு நிமிஷம்ணா. ஓட்டு விநாயக்!

விநாயக்: ஓடுது... வரி முடிஞ்சுது... பில்... டோட்டல் வந்துடுச்சு!

ஷைலா: இன்னொரு வாட்டி.

விநாயக்: வந்துடுச்சுன்னா வந்துடுச்சு!

ஷைலா: அப்பாடா... ராஜப்பாண்ணா, அந்தக் கர்சீப்பை இப்படிக் குடுங்க. நீங்க உக்காருங்க.

ராஜப்பா: அந்தப் பையன்?

ஷைலா: வரமாட்டான். நேத்தே வேலையை விட்டுட்டான். டெமோ நீதான் பேசணும் விநாயக். முன்னாடியே சொல்லியிருந்தா, நீ ஒரு லைன் கூட அடிச்சிருக்க மாட்டே.

விநாயக்: எனக்கும் தெரியும் ஷைலா. நேத்தே போன் பண்ணிட்டான். நீ பயந்துபோய் கோரமண்டல்லயே எறங்கிடுவேன்னுதான்... நான் வாயைத் தொறக்கல.

ராஜப்பா: அப்போ ரெண்டு பேருக்குமே தெரியும்... அப்புறம் இன்னாத்துக்குய்யா மாரிகுப்பத்துலேர்ந்து என்னை நிக்க வெச்சீங்க?