தொண்ணூறு நாள் ஓய்வு

இந்த அறையின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நல்லது. நேற்று நாம் நாலு பேர் இங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உங்கள் உதவியாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார், நீங்கள் அவரை முறைத்தீர்கள். அவர்மேல் தப்பில்லை. மூடிய அறையில் நாலு பேர் மூச்சு விட்டால் ஒரு மணி நேரத்தில் எவருக்கும் தலை கனக்கும். இது என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் சொல்கிறேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு இந்தத் தாள்களை வாங்கினேன். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'ஆத்திரத்தில் செய்தார்' என்று ஓரிடத்தில் இருந்தது. நான் ஆத்திரப்படுகிறவன் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தக் குகைக்குப் பொறுப்பாளராக இருந்தவன். முப்பது ஆண்டுகளுக்கான பராமரிப்புத் திட்டத்தை, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதியவன். திட்டமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்தேன் என்று கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

குகையில் இரண்டு கூடங்கள். வெளிக்கூடத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். உள்கூடத்தில்தான் ஓவியங்கள் இருக்கின்றன. சிவப்பு மண்ணைக் குழைத்து யாரோ வரைந்த மான் கூட்டம், ஓரமாக ஒரு குட்டி. எத்தனை ஆயிரம் வருஷம் என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் பொறுப்புக்கு வந்தபோது வெறும் கம்பிக் கதவுதான் இருந்தது. கண்டவனும் உள்ளே போய்ச் சுவரைத் தடவிவிட்டு, மானோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வருவான். பெரிய மனிதர்கள் குடும்பம் குட்டியோடு வருவார்கள், தடுத்தால் மேலிடத்திலிருந்து போன் வரும். அவர்களிடமெல்லாம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குகை வாயிலில் கதவு போட்டேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு இரும்புக் கதவுகள், சுற்றிலும் ரப்பர் பட்டை. காற்று நுழையாது, சத்தமும் நுழையாது. உள்பக்கம் கைப்பிடி வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். கைப்பிடிக்குத் துளை போட்டால் அந்த வழியே காற்று கசியும். அப்போது என் மனதில் வேறு எந்த எண்ணமும் இல்லை, இதை நீங்கள் நம்பலாம்.

வருஷத்தில் தொண்ணூறு நாள் குகைக்கு ஓய்வு. அந்த நாட்களில் யாரும் கதவைத் தொடக் கூடாது, நான் உட்பட. கதவின் மேல் முத்திரைச் சீட்டு ஒட்டுவோம். உள்ளே யாரும் இல்லை என்று இரண்டு பேர் கையெழுத்திட்ட சீட்டு. ஒரு கையெழுத்து என்னுடையது, மற்றது உள்ளே காற்றையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவருடையது.

கருவிகளைப் பார்த்துக்கொண்டவன் என் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்குப் பதினொரு வயது. பெற்றோர் இல்லை. அக்காவோடு அவனும் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனதால் அவள் அவனையே பிள்ளையாக வைத்துக்கொண்டாள். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததும், படிக்கவைத்ததும், குகையில் வேலை வாங்கித் தந்ததும் நான்தான். நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "குகைக்கே தாலி கட்டிட்டான்" என்று என் மனைவி கேலி செய்வாள். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு பேட்டரி மாற்றினால்கூடத் தேதி எழுதி ஒட்டிவைப்பான்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஓய்வுக்கு மூடும் நாளில் கடைசியாக உள்ளே போய் வருகிறவன் அவன். வெளியே வரும்போது கையெல்லாம் சேறாக இருக்கும், சீட்டில் மை பரவும். அதனால் காலையிலேயே சீட்டில் கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்துவிடுவான். தான் வெளியே வந்துவிட்டதாக, உள்ளே போவதற்கு முன்பே எழுதிக் கொடுப்பான். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. அதில் விபரீதம் இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை.

திட்டத்தை ஏற்கக் கமிட்டி கூடுவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு மத்தியானம், அவன் என் அறைக்கு வந்து மேஜை மேல் புகைப்படங்களைப் பரப்பினான். மான்களின் மேல் வெள்ளையாக ஒரு பூஞ்சை படர்ந்து வருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குட்டியின் முகம் எப்போதோ மறைந்துவிட்டது. பார்வையாளர்களின் மூச்சுதான் காரணம் என்று நான் திட்டத்தில் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். மச்சினன் பழைய படங்களையெல்லாம் தேடிப்பிடித்து வருஷவாரியாக அடுக்கியிருந்தான். கம்பிக் கதவு இருந்த காலத்தில் பூஞ்சை இல்லை. நான் கதவு போட்ட மறுவருஷம் முதல் புள்ளி தெரிகிறது.

"அத்தான், கதவைக் கழட்டிடலாம். உள்ள ஈரம் வெளியேற வழியே இல்ல. குகைக்கு மூச்சு முட்டுது."

கதவு போட்ட முதல் வருஷத்து ஈர அளவுகள் திட்டத்தில் ஏன் இல்லை என்றும் கேட்டான். அது சோதனை வருஷம், கணக்கில் சேராது என்றேன். நான் எந்த அளவையும் மாற்றியதில்லை. விடுவது வேறு, மாற்றுவது வேறு. அவன் அதற்கு மேல் தோண்டவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு படங்களை அடுக்கி என் பக்கமாகத் தள்ளினான்.

"நீங்களே திட்டத்துல எழுதிடுங்க அத்தான். நான் சொன்னதா வேணாம். நீங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால், கமிட்டியிடம் போட்டுக் கொடுப்பேன் என்று மிரட்டியிருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் எனக்குப் பெருந்தன்மை காட்டினான். கமிட்டிக்கு முன்னால் நான் எழுதாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அப்ப நான் சொல்லித்தானே ஆகணும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னான்.

எனக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் போய் அந்தக் கதவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மற்ற குகைக்காரர்கள் வந்து அளவெடுத்துப் போனார்கள். இப்போது நானே எழுந்து நின்று, அந்தக் குட்டியின் முகத்தை அழித்தது என் கதவு என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் நாட்காட்டியைப் பார்த்தேன். ஓய்வுக்கு மூடும் நாள், கமிட்டி கூடுவதற்குப் பத்து நாள் முன்பு வந்தது. அதற்குப் பிறகு தொண்ணூறு நாள் யாரும் கதவைத் தொட மாட்டார்கள்.

செய்தது சுலபம். உள்ளே போகிறவர்கள் செல்போனை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, பலகையில் தங்கள் பெயர் வில்லையை மாட்டுவார்கள். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே என்று அர்த்தம். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவன் வில்லையை மாட்டிவிட்டு, தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். "அரை மணி நேரத்துல வந்துடறேன் அத்தான், டீ சொல்லி வைங்க" என்றான். அவன் உள்கூடத்துக்குப் போகும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு கதவையும் மூடினேன். சீட்டை ஒட்டினேன். காவலாளிக்கு முழங்கால் வலி, மேலே ஏறி வருவதில்லை. மச்சினன் கீழ்ப்பாதை வழியாகப் போய்விட்டான் என்றேன், தலையாட்டினார். அவன் செல்போனைத் தூரத்து ஊருக்குப் போகும் பேருந்தில் ஒரு இருக்கைக்கு அடியில் வைத்தேன். நீங்கள் முதல் மாதம் முழுக்க அதன் பின்னாலேயே அலைந்தீர்கள். டீயும் சொல்லியிருந்தேன். இரண்டையும் நானே குடித்தேன்.

தலைவிளக்கின் பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும். உள்ளே சொட்டும் தண்ணீர் உண்டு, ஆனால் குளிர் அதிகம்.

உள்கூடத்தில் ஒரு கருவி இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கரியமிலவாயுவை அளந்து, கம்பி வழியாக என் அறைத் திரைக்கு அனுப்பும். அதில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரியும். அதை அங்கே பொருத்தியவன் அவன்தான். தினமும் காலை எட்டு மணிக்கு நான் வேறெதையும் தொடுவதற்கு முன் அந்தத் திரையைப் பார்ப்பேன் என்பதும் அவனுக்குத் தெரியும். மறுநாள் எட்டு மணிக்குப் பார்த்தபோது கோடு மூன்று அளவுகளுக்கு உயர்ந்து நின்றது, அடுத்த மூன்று அளவுகளுக்குத் தாழ்ந்து நின்றது, மறுபடி மூன்று உயர்வு, மூன்று தாழ்வு. இரவு முழுக்க அப்படியே. இருட்டில் அந்தப் பச்சைப் புள்ளியைத் தேடிப் போய், கருவியின் வாயில் ஊதியிருக்கிறான். அரை மணி நேரம் ஊதுவதும் அரை மணி நேரம் தள்ளிப்போய் உட்காருவதுமாக இருந்திருக்கிறான். கவனப் பிசகில் பூட்டிவிட்டேன், பார்த்ததும் ஓடி வருவேன் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். கடைசிவரை அவன் என்னைத் தப்பாக நினைக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு.

ஆறு நாள் ஆயிற்று. எந்த நாளிலும் நான் திறந்திருக்கலாம். ஒவ்வொரு காலையும் அதை யோசித்தேன். முதல் நாள் திறந்திருந்தால் விபத்து என்று சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம். மேலும் ஓய்வு காலத்தில் ஒருமுறை திறந்தால் அந்த வருஷத்து அளவுகள் முழுவதும் பாழ்.

நாலாம் நாள் என் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். காணவில்லை என்று புகார் கொடுக்கப் போக வேண்டும், நான் கூட வர வேண்டும். நான் கடிதங்களில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடாததால் முகம் வற்றிப்போயிருந்தது. அவள் கண் திரையில் போய் நின்றது.

"இது என்ன, மேலயும் கீழயும் போயிட்டிருக்கு?"

"குகையோட காத்து."

"நீங்க மூடிட்டா அசையாம இருக்கும்னு தம்பி சொல்லுவானே."

சில நேரம் அசையும் என்றேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று உயர்வுகள் பாதியாகக் குறைந்திருந்தன. பிறகு நாங்கள் புகார் கொடுக்கப் போனோம். அவனுடைய அங்க அடையாளங்களை நான்தான் சொன்னேன்.

ஆறாம் நாள் அதிகாலைக்குப் பிறகு கோடு நேராக ஆயிற்று.

கமிட்டி கூடியது. திட்டத்தை ஏற்றார்கள், கை தட்டினார்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த மாதத்து அளவுகளைப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. இருநூற்று முப்பத்தொன்றாம் பக்கம். அந்த ஆறு நாளை எடுத்திருக்கலாம். கருவிக் கோளாறு என்று ஒரு வரி போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. நான் அப்படியே அச்சிட்டேன். கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற ஆள், மூடிய குகையில் மூச்சு விடுவது யார் என்று கேட்டு எழுதினார். எழுபத்தோராம் நாள் நீங்கள் கதவை உடைத்தீர்கள். என்னைப் பிடித்தது உங்கள் திறமை என்று பத்திரிகையில் வந்திருப்பதைப் பார்த்தேன். நான் ஓர் அளவையும் மாற்றாதவன் என்பதால்தான் பிடித்தீர்கள். அதையும் எங்காவது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவனைக் கருவிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி கண்டதாகச் சொன்னீர்கள். அவன் சட்டைப் பையில் பேட்டரிக்கு ஒட்டும் சீட்டு இருந்தது, அவன் உள்ளே போன நாளின் தேதி எழுதியிருந்தது என்றும் சொன்னீர்கள். என் மனைவி இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. வருவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

என் மச்சினனை நான்தான் கொன்றேன். தெரிந்தே, நாள் பார்த்து, கதவைச் சாத்திக் கொன்றேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. நேற்றுப் போகும்போது வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னீர்கள். கதவு உடைந்து நாலு மாதமாகத் திறந்தே கிடக்கிறது, பூஞ்சை காய்ந்து உதிர்கிறது, குட்டியின் முகம் மறுபடி தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றீர்கள். என்னைச் சீண்டத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். நாலு மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என் திட்டம் முப்பது வருஷத்துக்கானது. யாரிடமாவது சொல்லி அந்தக் கதவைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பையன் வீணாகச் செத்ததாக ஆகிவிடும்.