வாளையாருக்கு இந்தப் பக்கத்து விலை

எங்கள் பக்கத்தில் பழைய பொருள் வாங்க வருகிறவர் மூன்று கேள்விகள் கேட்பார். என்ன விலை, எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள், எப்போது எடுத்துப் போகலாம். முன்பு வைத்திருந்தவர் அதை ஏன் விற்றார் என்று மட்டும் கேட்கமாட்டார். மோட்டாரோ தறியோ மொபெட்டோ கறவை மாடோ, எதுவானாலும் இதுதான் வழக்கம். ஒருவர் கேட்டுவிட்டால் மற்றவர் பதில் சொல்ல வேண்டிவரும். சொன்னால் பேச்சு முறிந்துபோகும். இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆய்வாளர் ஐயா, நீங்களும் காலையிலிருந்து எப்படி, எப்போது, எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே.

என் பெயர் ஆறுச்சாமி. அன்னூருக்கு வடக்கே எங்களுக்குக் கிணறும் தோட்டமும் உண்டு. பொருளியல் படித்தேன், படித்ததை ஊரில் யாரும் பயன்படுத்திக்கொள்ளாததால் நானே பயன்படுத்திக்கொண்டேன். கருமத்தம்பட்டியில் ஓடாமல் நின்றுபோன தறிக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பழைய படகு வாங்கி விற்றேன். கடலில்லாத ஊரில் படகுக் கடையா என்று சிரிக்காதவர்கள் இல்லை. கடல் இல்லாததுதான் முதலீடு என்பது அவர்களுக்குப் புரியவில்லை. மேற்குக் கடற்கரையில் மழைக்காலம் தொடங்கியதும் படகு விலை படுத்துவிடும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் அதே படகுக்கு ஆள் போட்டி போடும். ஐப்பசியில் நிலைமை தலைகீழ். நடுவில் லாரியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு பக்கமும் வாசல். அணைகளில் உல்லாசப் படகு விடுகிறவர்கள், தோட்டத்துக் குளத்தில் மிதக்க விட ஆசைப்படும் ஆலை முதலாளிகள் என்று உள்ளூரிலும் ஆள் இருந்தது.

அதைவிட நுட்பமான ஒரு வித்தியாசத்தைத் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில் கண்டுகொண்டேன். கொச்சிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் புதுமை மாறாத பாய்மரப் படகை மூன்றிலொரு பங்கு விலைக்குத் தந்தார்கள். ஏற்றிவிட்ட பிறகு டீக்கடையில் தெரிந்தது: அதிலிருந்து ஒருவன் விழுந்து செத்திருந்தான். ஆள் எடுத்த படகில் அந்த ஊரில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். எல்லையில் வாளையார்ச் சோதனைச்சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் அது வெறும் ஆஞ்சிலிப் பலகை; முழு விலைக்குப் போயிற்று. பலகையின் தேய்மானம் பலகையோடு எங்கும் வரும். சாவின் தேய்மானம் நடந்த ஊரிலேயே தங்கிவிடும். இதைவிடச் சுத்தமான ஒரு பாடத்தை எந்தப் பேராசிரியரும் எனக்கு நடத்தியதில்லை. அதன்பின் அப்படிப்பட்ட படகுகளைத் தேடிப்போனேன். அந்தச் சாவுகளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கருப்புசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். தறிக்கூடத்தில் படகுப் பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்துத் தார் பூசுவது அவன் வேலை. நன்றாகச் செய்வான், அதைவிட நன்றாகப் பேசுவான். அவன் மனைவி பாவாத்தாள் பக்கத்துத் தறிக்கூடத்தில் நூல் சுற்றினாள். மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுவருவாள். அவள் வந்து நிற்கும் நேரம் பார்த்து அவன் என்னை வம்புக்கு இழுப்பான்.

"ஏனுங்க மொதலாளி, கடல் பார்த்த படகுக்கெல்லாம் நாந்தேன் ஓட்டெ அடைக்கறனுங்க. ஒரு நாளாச்சும் தண்ணியில அதும்மேல ஏறி உக்காந்திருக்கறனுங்களா? சாணி பூசறவளுக்கு ஊட்டுக்குள்ள எடமில்லாத கதையாட்ட இருக்குதுங்க."

"ஏறுனா வாந்தி எடுப்பெ. அதெக் கழுவறதுக்கும் நாந்தேன் வரோணும்" என்பாள் பாவாத்தாள்.

நானும் சிரிப்பேன். அவனை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு தொழில் தளர்ந்தது. காரணம் எஸ்.டி.டி. போன் பூத். தெருமுனைக்கு ஒரு மஞ்சள் பலகை வந்துவிட்டது. முன்பெல்லாம் கொச்சி விலை கொச்சியில்தான் இருந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அதைக் கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பேரத்திலும் வித்தியாசம் சுருங்கியது. பணக்கஷ்டம் என்று சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்கமாட்டேன். தோட்டம் சோறு போட்டது. ஆனால் இருபது வருடம் ஒரு மனிதன் நம்பிய ஒன்று கண்ணெதிரே இல்லாமல் போவது பெரிய அலுப்பு ஐயா. காலையில் எழுந்திருக்கவே தோன்றாத அலுப்பு.

இந்த நிலையில்தான் சுரேந்தரின் படகு வந்தது. நூற்பாலைக்காரர் மகன், இருபத்தெட்டு வயது. ஆனைமலை அடிவாரத்து நீர்த்தேக்கம் ஒன்றின் ஓரமாக அவர்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. அங்கே ஒரு வெள்ளைப் பாய்மரப் படகை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் விளையாடினான், பிறகு சலித்துவிட்டது. உள்ளூரில் அதற்கு நாற்பதாயிரம் தருவதற்கே ஆள் கிடையாது. கொச்சியில் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் படகு விடும் யூனுஸ் என்பவர் அந்த ரகத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை தருவார். யூனுஸின் பூர்வீகம் எங்கள் பக்கத்துக் கோட்டைமேடு. என்னிடம் பலமுறை வாங்கியவர். நான் சுரேந்தரிடம் முப்பத்தைந்து என்றேன்.

"அண்ணா, அந்த வெலைக்கு உங்க ஊட்டுத் தொட்டியெ வேணா மெதக்க உட்டுக்கோங்க" என்றான் அவன். "கொச்சிக்கே போன் போட்டுக் கேட்டுப்போட்டனுங்க. இனிமேலு பூத்துக்காரர்தேன் எனக்குப் புரோக்கர். அவருக்கு நிமிசத்துக்கு இத்தனைன்னு குடுத்தாப் போதும்."

மரியாதை குறையாமல், சிரித்தபடிதான் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். போனில் விலை வரும், பயம் வராது. இந்த ஒரு வாக்கியம்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றாறு ஆடியில், படகை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் அவன் சொல்லும் விலைக்கே ஆள் பிடித்துத் தருவதாகச் சுரேந்தரிடம் சொன்னேன். அவன் தோப்புச் சாவியைத் தந்தான். கருப்புசாமியிடம் நாளைக்கு நீயும் வா, தண்ணீரில் ஏறலாம் என்றேன். அவன் ஆசையை அறிந்து நிறைவேற்றியவன் நான் ஒருவன்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேனில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"பாவாத்தா சிரிக்கறாளுங்க. கப்பலேறிச் சீமைக்கா போறே, சொல்லிட்டுப் போன்னு" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏனுங்க மொதலாளி, இத்தன வருசமில்லாம இன்னைக்கு என்னெ எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டான்.

"சும்மாதான்" என்றேன். பிறகு, "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்கல்லாம் கெணத்துல குதிச்சு வெளையாடையில நாங்க மேட்டுல நின்னு உங்க துணிமணிக்குக் காவலிருந்தமுங்க. எங்களெ எறங்க உட்டிருந்தாத்தானுங்க நீச்சல் தெரியறதுக்கு?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

இந்தப் பதில் எனக்கு முன்பே தெரியும். தெரிந்த விலையையும் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வது தொழில் பழக்கம்.

படகின் முன்னறையில் மிதவைச் சட்டைகள் இரண்டு இருந்தன. வெயிலில் கசகசக்கும், வேண்டாம் என்றேன். காவல்காரர் தோப்பு நிழலில் படுத்திருந்தார். பாய் விரிந்ததும் கருப்புசாமி பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணீரில் விரலை விட்டு, பலகை இடுக்கைத் தடவிப் பார்த்து, "ஒரு சொட்டு உள்ளெ வல்லீங்க" என்றான். அவன் அடைத்த படகு அல்ல அது, ஆனாலும் பெருமைப்பட்டான்.

உங்கள் முதல் அறிக்கையில், காற்று திடீரெனத் திசை மாறியதால் பாயின் குறுக்குக்கட்டை சுழன்று அவன் தலையில் அடித்ததாக எழுதியிருக்கிறது. அப்படித்தான் நான் சொன்னேன், சுரேந்தர் தலையாட்டினான், அப்போதிருந்த அதிகாரி கையெழுத்திட்டார். ஐயா, ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திசை மாறாது. மேற்கிலிருந்து கிழக்கே, ஒரே வேகத்தில், மாதம் முழுக்க அடிக்கும். வயலில் நிற்கிற சிறு பிள்ளைக்கும் இது தெரியும். உங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காற்று மாறவில்லை. நான் அவனை எழுந்து நின்று பாய்மரத்தின் உச்சியில் கயிறு சிக்கியிருக்கிறதா பார்க்கச் சொன்னேன். அவன் அண்ணாந்து பார்த்தான். நான் சுக்கானைத் திருப்பினேன். கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

ஓட்டை போட்டு மூழ்கடித்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். உடைந்த படகின் விலை இங்கேயும் குறையும், கொச்சியிலும் குறையும். எனக்குத் தேவைப்பட்டது இங்கே மட்டும் குறைவது.

அவன் இரண்டு முறை மேலே வந்தான். இரண்டாம் முறை "மொதலாளி" என்றான். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆறு வயதில் எங்கள் கிணற்றில் பழகியது. ஆனால் நான் குதித்திருந்தால் ஆளில்லாத படகு காற்றோடு போய்க் கரைப்பாறையில் மோதியிருக்கும். அந்த நேரத்தில் எதையாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை. அதை நான் உண்டாக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அந்த நிலையில் இருந்தேன் என்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் பரிசல்காரர்கள் உடலை எடுத்தார்கள். அந்தச் சனியன் பிடித்த படகு இனி என் கண்ணில் படக் கூடாது என்று சுரேந்தரின் தாயார் சொல்லிவிட்டார். கருப்புசாமியின் காரியமெல்லாம் முடியும்வரை நான் விலை பேசவில்லை. அந்த மரியாதை தெரியாதவன் அல்ல. பிறகு போனேன். சுரேந்தர் என் முகத்தைப் பார்க்காமல், "எதெக் குடுத்தாலுஞ் சரிங்கண்ணா, எடுத்துட்டுப் போயிருங்க" என்றான். வேலைக்காரனைப் பறிகொடுத்தவன் அதே படகை ஏன் வாங்குகிறான் என்று அவனும் கேட்கவில்லை.

பாவாத்தாளை என் கூடத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டேன். கணவன் செய்த வேலை, கணவன் வாங்கிய கூலி. பெண்ணுக்கு ஆண் கூலி தருகிற இடம் கருமத்தம்பட்டியில் வேறு இல்லை. தார்ப்பாய் போட்டு மூடிய அந்த வெள்ளைப் படகைச் சுற்றிக்கொண்டுதான் தினமும் அவள் தார்ச்சட்டியைத் தூக்கிப் போவாள். ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒருநாள், ஆடிக் காற்றில் கூடத்துக் கதவு அடித்துக்கொண்டபோது, எழுந்து போய் அதைச் சாத்தாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் அடித்தது. அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

படகு பற்றிய பேச்சு அடங்கட்டும் என்று ஒரு வருடம் பொறுத்தேன். நேற்று யூனுஸ் லாரியோடு வந்தார். தார்ப்பாயை விலக்கி, பலகையைத் தட்டிப் பார்த்தார். மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். கயிறு கட்டும் ஆட்கள் நான்கு பேர் ஏறி நின்றார்கள். பாவாத்தாள் தார்ச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"ஏனுங்க பாய்" என்றாள் யூனுஸிடம். "அல்லாத்தையுங் கேட்டீங்க. இதெ ஏன் வித்தாங்கன்னு கேக்கமாட்டீங்களா?"

கயிறு கட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். யூனுஸ் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் தொழில்காரர், கேட்காமலிருக்கவே விரும்பினார்.

"அப்ப நானே கேக்கறனுங்க" என்று என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. "மொதலாளி, இந்தப் படகெ ஏனுங்க வித்தாங்க? ஆடிக் காத்து எப்பங்க தெசெ மாறுச்சு? கெணத்துல பல்டி அடிச்ச நீங்க ஏனுங்க குதிக்கல?"

அத்தனை பேர் முன்னால் கேட்டாள். நான் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லச் சொல்லக் கொச்சி விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குவதை என்னால் யூனுஸின் முகத்தில் பார்க்க முடிந்தது. முடித்தபோது இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வித்தியாசம் எதுவும் மிச்சமில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நேற்று இரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

ஐயா, கடைசியாக ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவன் தண்ணீரில் விழுவதற்கு முன்னால், ஒரே ஒரு ஆள், ஏன் என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் போதும். நான் வேனைத் திருப்பியிருப்பேன்.