குணா கொடுத்துவிட்டுப் போன கத்திரி

"ஹலோ... ஆமா, சித்ரகலாதான். வெல்ஃபேர் ஆபீசர்தான், ஆமா... யாரு, குணா சம்சாரமா? தமிழ்மதியா! சொல்லு கண்ணு."

கட்டிங் மாஸ்டர் குணா நேற்று சூப்பர்வைசர் திருமூர்த்தியின் சட்டையைப் பிடித்து உலுக்கியதிலிருந்து வேலம்பாளையத்து அந்தப் பனியன் கம்பெனியில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

"பயப்படாத. இங்க வம்பு ஒண்ணும் பண்ணல... ஆமா, காலைல வந்தாரு. கேட்டோட நிறுத்திட்டோம்... இல்ல கண்ணு, சத்தமே போடல. அவராவே கத்திரிய வாட்ச்மேன் நல்லாண்ணன்கிட்டக் குடுத்துட்டாரு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அந்தக் கத்திரி சித்ரகலாவின் மேசைமேல் கிடந்தது. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக இன்னொருத்தர் கை அதில் பட்டால் குணா ஊரைக் கூட்டிவிடுவார்.

"எதுத்தாப்ல பேக்கரிலதான் உக்காந்திருக்காரு. திருமூர்த்தி வெளிய வரட்டும்னு காத்திருக்காரோன்னு ரெண்டு பேரக் காவலுக்கு... என்ன? அவிநாசிக்கு, உங்கம்மா ஊட்டுக்கா வந்தாரு? எப்ப?... விடியக்காலைலயா... ம்... ம்... போனையா? உங்க பாப்பா கைலயே குடுத்துட்டாரா?... வண்டிச் சாவியுமா?... சிரிச்சாரா? இரு, இரு. மெதுவாச் சொல்லு."

வெல்ஃபேர் ஆபீசர் பயிற்சியில் கொடுத்த அறிகுறித் தாள்கள் இரண்டு. அடிக்கக்கூடியவர்களுக்கு ஒன்று, தன்னையே மாய்த்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு ஒன்று. நேற்று முதல் தாளில் மட்டும் டிக் போட்டுவிட்டு, பெரிய கெட்டிக்காரி போல ஃபைலை மூடியவள் அவள். இப்போது இரண்டாவதை உருவினாள். முன்கோபம், படபடப்பு, தூக்கமின்மை. பாழாய்ப்போன அதே வரிகள்தான். கடைசி வரி மட்டும் புதிது: பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்.

"கண்ணு, போன வெச்சிராத."

ஜன்னலுக்கு வெளியே பேக்கரி பெஞ்சு காலியாக இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள்.

"நல்லாண்ணே! குணா எங்க?... அட, தொலைஞ்சாருன்னு நிம்மதியா நிக்கறீங்களா! எந்தப் பக்கம்?... பஸ் ஸ்டாப்பா?... ஆமா கண்ணு, ஓடிக்கிட்டுத்தான் இருக்கறேன்... அழுவாத... குணா! ஏனுங்க குணா! ஏறாதீங்க! ஒரு நிமிசம்... திட்ட வரலீங்க."

அவர் படியில் வைத்த காலை எடுத்தார். பஸ் போய்விட்டது. சித்ரகலா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குணா, நேராவே கேக்கறேன். செத்துப்போலாம்னு இருக்கீங்களா?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆமென்று தலையை ஆட்டினார்.

"என் தப்புத்தானுங்க குணா. உங்ககிட்ட இருந்து எல்லாரையும் காப்பாத்தப் பாத்தேன். உங்களக் காப்பாத்தோணும்னு தோணலீங்க... இந்தாங்க, தமிழ்மதி லைன்ல இருக்கறா."

அவர் வாங்கவில்லை. அவளே போனை அவர் காதில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு... கேக்குதா? இங்கதான் இருக்காரு. நீ பொறப்பட்டு வா. டாக்டர்கிட்ட மூணு பேருமாப் போலாம்... ஆமா... ஆமா, நீ வர்ற வரைக்கும் கையை விடமாட்டேன். வெக்கட்டா?"