அலமாரிக்குள் ஒரு குரல்

அக்கா: இதுக்குள்ளயா? டேய், இது துணி அலமாரிடா!

தம்பி: அதேதான். தொங்குற துணியெல்லாம் எதிரொலியைக் குடிச்சிரும். ஸ்டூல்ல உக்காரு.

அக்கா: உன் பொண்டாட்டி வந்து திறந்தா மயங்கி விழுந்துருவா...

தம்பி: அவ ஆறு மணிக்குத்தான் வருவா. கதை படிக்க ஆள் எடுக்குறவங்களுக்கு நாம அஞ்சுக்குள்ள உன் குரலை அனுப்பணும். ஃபேனை நிறுத்தியாச்சு, ஃபிரிட்ஜையும்...

அக்கா: ஃபிரிட்ஜ் என்னடா பண்ணுச்சு?

தம்பி: அது முனகுறது உனக்குக் கேக்காது. மைக்குக்குக் கேக்கும்.

அக்கா: அடேயப்பா! இந்த வித்தையெல்லாம் எங்கடா கத்துக்கிட்டே?

தம்பி: அது... ஆபீஸ்ல. அதை விடு. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வாயை வை. கம்ப்யூட்டர்ல இந்தப் பச்சைக் கோடுதான் உன் குரல். சிவப்பைத் தொட்டா கிழிஞ்சிரும். ம், படி.

அக்கா: “கதவு மெல்லத் திறந்தது!”

தம்பி: ஐயோ, சிவப்பு! நூறு பஸ்ஸுக்கும் கேக்க வேண்டாம்க்கா. ஒரே ஒரு ஆளோட காதுக்கு.

அக்கா: இருபத்திரண்டு வருஷமா பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொன்ன தொண்டை. சட்டுனு அடங்குமா? சரி... “கதவு மெல்லத் திறந்தது. கதவு மெல்லத் திறந்தது. உள்ளே இருட்டு. உள்ளே...”

தம்பி: நிறுத்து, நிறுத்து! எதுக்கு ரெண்டு ரெண்டு தடவை?

அக்கா: சொன்னேனா?

தம்பி: கதவு என்ன, நாலாவது பிளாட்பாரத்துக்கா வருது?

அக்கா: சிரிக்காதடா! மூட்டையோட ஓடி வர்றவங்களுக்கு முதல் தடவை காதுல விழாது. அவங்களுக்காகச் சொல்லிச் சொல்லி...

தம்பி: கதை கேக்குறவன் ஓடலை. காலை நீட்டிப் படுத்திருக்கான். தப்பு வந்தா நிறுத்தாதே. ஒரு கைதட்டு தட்டிட்டு அந்த வரியைத் திரும்பப் படி. தட்டினது கோட்டுல குச்சி மாதிரி நிக்கும். நான் அங்கே வெட்டிருவேன்.

அக்கா: கெட்டிக்காரன்டா நீ.

தம்பி: படி...

அக்கா: எப்படி இருந்துச்சு?

தம்பி: பதினேழு கைதட்டல். கச்சேரி மாதிரி இருந்துச்சு.

அக்கா: எனக்கு வராதுடா. மூடிட்டுப் போயிரலாம்...

தம்பி: அக்கா!

அக்கா: மாசக் கடைசியோட பஸ் ஸ்டாண்டுல எனக்குப் பதிலா மெஷின் பேச ஆரம்பிச்சிரும். இந்தக் கதை படிக்கிற வேலையும் இல்லைன்னா... நாப்பத்தெட்டு வயசுல எவன் என்னைக் கூப்பிடுவான்?

தம்பி: அந்த மெஷின் பேச்சை விடு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. யாருக்கும் படிக்காதே. எனக்குச் சொல்லு. கதவுக்கு வெளியேதான் நிக்கிறேன்.

அக்கா: “கதவு மெல்லத் திறந்தது. உள்ளே இருட்டு. சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினாள். சுவிட்ச் அகப்படவில்லை. சில்லென்ற இன்னொரு கை அகப்பட்டது. ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்றது ஒரு குரல்...” ம், அவ்வளவுதான்.

தம்பி: யார் கைக்கா அது?

அக்கா: அவங்க அனுப்பின ஒரு பக்கம் முடிஞ்சு போச்சு. எனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: இங்கே பாரு, கையில முடியெல்லாம் நிக்குது! அந்த ‘தாமதம்’ சொன்னே பாரு... காதுக்குள்ள யாரோ மூச்சு விட்ட மாதிரி. ஒரு இடம்கூட வெட்ட வேண்டாம்க்கா. அப்படியே போகட்டும்.

அக்கா: நிஜமா?

தம்பி: சத்தியமா. சேவ் பண்ணிட்டேன். மெயில்ல ஏத்திட்டேன்... போயிருச்சு. நாலு அம்பது.

அக்கா: அப்பாடா! உன் புண்ணியத்துல...

தம்பி: புண்ணியம் எல்லாம் சொல்லாதே. அக்கா... உங்க பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற மெஷின்... அது எங்க கம்பெனியோடது. அதுக்குக் குரல் சேர்த்து, பேச வெச்சதே நான்தான். நாலு மாசமா சொல்லத் தைரியம் வரலை.

அக்கா: தெரியும்டா. மெஷினை மாட்ட வந்தவங்க விரிச்ச காகிதத்துல உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீயா வாயைத் திறப்பேன்னுதான் இத்தனை நாளும் கேக்கலை. என் வேலையைத் தின்ன அந்த மெஷினைச் சோதனைக்குப் பேச வெச்சப்ப, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன்... அப்பவும் பக்கத்துல நின்ன டிரைவர்கிட்ட ‘இது என் தம்பி செஞ்சது’ன்னு சொல்லிட்டேன்டா, பாவி.