முதல் ஐந்நூறு ரூபாய்

கார் இன்ஷூரன்ஸில் பெரும்பாலானவர்கள் எக்ஸஸ் தொகையைக் குறைவாக வைத்துத் தவறு செய்கிறார்கள். நீங்களும் ஒருநாள் கார் வாங்குவீர்கள் இன்ஸ்பெக்டர் சார், அதனால் சொல்கிறேன். வண்டி அடிபட்டால் சேதத்தில் முதல் இத்தனை ரூபாய் என் பொறுப்பு, அதற்கு மேல் கம்பெனி பொறுப்பு என்று சொந்தக்காரன் ஒப்புக்கொள்ளும் தொகைக்குத்தான் எக்ஸஸ் என்று பெயர். அது ஏறினால் வருஷா வருஷம் கட்டும் பிரீமியம் இறங்கும். ஒவ்வொரு கீறலுக்கும் கம்பெனி வாசலில் போய் நிற்க நினைப்பவன் ஆயுள் முழுக்கப் பிரீமியம் கட்டியே அழிவான்.

என் பெயர் கல்யாணராமன். ஸ்ரீவராகத்தில் வீடு, ஆடிட்டர் தொழில். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் கணக்கைப் பார்க்க மாதம் ஒருமுறை மலையேறுவேன். அந்தத் தோட்டத்துத் துரை நாற்பத்தொன்பதில் சீமைக்குத் திரும்பியபோது தன் ஆஸ்டினை எனக்கு விற்றார். வண்டியோடு டிரைவர் வேலாயுதனும் வந்து சேர்ந்தான். வித்துராக்காரன், மலைப் பாதை அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

பாலிசி எழுதிக் கொடுத்தவர் எங்கள் தெரு ஏஜெண்ட் வெங்கடசுப்ரமணியன். நூறு ரூபாய் எக்ஸஸ் போதும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"மலைக்குப் போற வண்டி ஓய். ஆனையை வாங்கிட்டு யாராவது அங்குசத்துக்கு அழுவாளா?"

"ஐந்நூறுன்னு போடும். சின்ன நஷ்டம் என்னோடதா இருக்கட்டும். பெரிசு வந்தா கம்பெனி பார்த்துக்கட்டும்."

வண்டியின் மதிப்பை ஐயாயிரம் என்று எழுதினோம். ஒவ்வொரு வருஷமும் அதே மதிப்புக்குப் புதுப்பித்தோம், கம்பெனியும் ஒன்றும் கேட்கவில்லை. மலைக்குக் கிளம்பும் நாளெல்லாம் வேலாயுதன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தன் காசில் ஒரு தேங்காய் உடைப்பான். "அதுவும் பிரீமியம்தாண்டா" என்று கேலி செய்வேன். "இதுக்கு எக்ஸஸ் இல்லை சாமி" என்று சிரிப்பான். நல்லவன். அவனை எனக்குப் பிடிக்கும்.

போன ஆனி மாதம் போனக்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல சாரல். ஒரு வளைவில் வண்டி வழுக்கி ஓரத்து மரத்தில் இடித்துத் திரும்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்கச் சரிந்து நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில். வேலாயுதன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்திராவிட்டால் இருவருமே போயிருப்போம். என் உயிரைக் காப்பாற்றியவன் அவன்தான், அதை நான் மறைக்கவில்லை.

எனக்கு அடியில்லை. பின் கதவு வழியாக இறங்கினேன். அவனுடைய வலது கால் நசுங்கிய தகரத்துக்குள் சிக்கியிருந்தது. குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்று முன்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு விளக்கு, மட்கார்டு, ரேடியேட்டர். கூலியோடு சேர்த்து நானூற்றறுபது ரூபாய் ஆகும்.

எனக்கு அப்போது வந்தது பயமல்ல, எரிச்சல். நானூற்றறுபதும் என் கைப்பணம், கம்பெனியிடமிருந்து ஒரு சல்லி வராது. அவ்வளவும் செலவழித்துச் சரிசெய்தாலும் அது இரண்டாயிரம் பெறாத கிழட்டு வண்டி. இன்னும் பத்தடி போயிருந்தால் ஐயாயிரத்தில் ஐந்நூறு போக நாலாயிரத்தைந்நூறு என் கைக்கு வந்திருக்கும். நான் தேர்ந்தெடுத்த எக்ஸஸில் தவறே இல்லை. விபத்துதான் அரைகுறையாக நடந்திருந்தது.

அவன் காலை வெளியே எடுக்கக் கடப்பாரையும் இரண்டு ஆளும் வேண்டும். வித்துராவுக்கு நடந்து போய் ஆள் கொண்டுவர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பாதையில் போகிற நாலு பேர் வண்டியைப் பார்த்துவிடுவார்கள். பிறர் கண்ணில் பட்ட சேதத்தைப் பிறகு மாற்ற முடியாது. ஆடிட்டருக்கு இது தெரியாமல் இருக்குமா?

வண்டி பள்ளத்தில் போன பிறகுதான் வித்துராவுக்கு நடந்தேன். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி சர்வேயர் வந்தார், முழு நஷ்டம் என்று எழுதினார், இரண்டு மாதத்தில் பணம் வந்தது. வேலாயுதனின் மனைவி தாசம்மாளுக்கும் அதே பாலிசியில் ஆயிரத்தெண்ணூறு கிடைத்தது. டிரைவர் உயிருக்கு எக்ஸஸ் கிடையாது, முதல் ரூபாயிலிருந்து கம்பெனியே கொடுக்கும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன், கூலி வாங்கவில்லை.

அவள்தான் இப்போது உங்களிடம் வந்து மனு கொடுத்திருக்கிறாள். வண்டியைத் தூக்கியபோது ஹேண்ட்பிரேக் எடுத்த நிலையில் இருந்ததை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இதே பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னதை நானும் கேட்டேன். "எங்க வீட்டுக்காரவ சரிவுல நிக்க வண்டியில பிரேக்க எடுக்க மாட்டாவ. அது எனக்கு நல்லா அறியும்."

நீங்களோ, அடிபட்ட மயக்கத்தில் கை தவறி எடுத்துவிட்டான், டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அது எனக்குச் சம்மதமில்லை. அவனுக்கு மயக்கமே இல்லை.

"சாமி, கால் மாட்டிக்கிட்டு. ஒரு கை பிடிச்சா மதி" என்றான். மதி என்றால் அவனுக்குப் போதும் என்று அர்த்தம்.

"ஹேண்ட்பிரேக்கை எடு. வண்டியைக் கொஞ்சம் பின்னாடி இழுக்கறேன், கால் வந்துடும்" என்றேன்.

"எடுத்தா வண்டி போயிரும் சாமி."

"சக்கரத்துக்குக் கல் வெச்சிருக்கேண்டா."

நான் கல் எதுவும் வைக்கவில்லை. அவனால் திரும்பிப் பார்க்க முடியாது. சரி சாமி என்று சொல்லி எடுத்தான். பின்புறம் நான் தோள் கொடுத்துத் தள்ளினேன், அதிகம் தள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆகவே கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். நாலு வருஷம் என்னிடம் வேலை பார்த்தவன், சொன்னதைச் செய்தான். அவன் பெயருக்கு ஒரு களங்கம் வர நான் சம்மதிக்க மாட்டேன்.