ஒரே ஆட்டோவில் மூன்று பேர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, மறைந்த நம் சௌக்கத் அலி பாயின் துணைவியார், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பதுருன்னிசா அம்மா அவர்களே, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடையடைத்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கிடங்கு வணிகர் சங்கச் செயலாளர் ரகுபதி பேசுகிறேன். எங்கே தொடங்குவதென்று சத்தியமாகத் தெரியவில்லை.

நடுவர் ஜனாப் சௌக்கத் அலி! பத்தொன்பது ஆண்டுகள், நம் சங்கம் எந்தத் தகராறுக்கு நியமித்தாலும் மறுக்காமல் வந்த மனிதர். கிடங்கைப் பார்வையிடப் போனால் இரு தரப்பையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி, நடுவில் தான் உட்காருவார். ஒருவர் வராவிட்டால் ஆட்டோ கிளம்பாது! அவரா ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்?

ஆனால் எர்ணாவூர் கிடங்கில் மிளகாய் மூட்டைகள் நனைந்த தகராறில், கிடங்குக்காரர் வரதனோடு மட்டும் போனார். உண்மைதான். தீர்ப்பும் வரதனுக்கே சாதகமானது. சரக்குக்காரர் சுயம்பு அண்ணாச்சி, தன்னை விட்டுவிட்டுப் போய் ஒருதலையாகத் தீர்ப்பளித்தார் என்று பாய் மீதே வழக்குப் போட்டார்.

நல்லெண்ணத்தோடு செயல்பட்ட நடுவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது சட்டம். வழக்கு தள்ளுபடியானது. வென்றோம் என்று லட்டு வாங்கிப் போனேன். பாய் தொடவில்லை. வழக்கே நிற்காது என்றானதும், அன்று என்ன நடந்தது என்று யாருமே கேட்கவில்லை. ஊர் மட்டும் பேசியது: “சட்டம் கீறதால தப்பிச்சுகினாரு.” இது பாதுகாப்பா, தண்டனையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நடந்ததை நான் சொல்கிறேன். டோல்கேட்டில் பாயும் வரதனும் காத்திருந்தார்கள். பாய் எனக்குப் போன் செய்தார். நான் சொன்னேன்: “பாய், அண்ணாச்சி கன்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிகினு கீறாரு. நீங்க போங்க, அவரு ஒத்துகினாரு.” அண்ணாச்சியை நான் கேட்கவே இல்லை! பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன்.

வழக்கு வந்ததும் பாயிடம் போய் அழுதேன். அவர் சொன்னார்: “வுடு மாமு. நடுவருக்குப் பாதுகாப்புன்னு சட்டத்துல எழுதிக் கீது. நியமிக்கிற சங்கத்துக்கு எங்க எழுதிக் கீது? உன் பேரைச் சொன்னா நீ மாட்டிக்குவ.”

மூன்று வக்கீல்களைக் கேட்டேன். ஒருவர் எனக்கும் பாதுகாப்பு உண்டென்றார், ஒருவர் இல்லையென்றார், மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் குழப்பத்தைச் சாக்காக வைத்து நான் வாய் திறக்கவில்லை. பாய் கெட்ட பெயரோடே போய்ச் சேர்ந்தார். என்ன மனிதன் நான்!

பாயின் பணியைத் தொடர்வோம் என்று தீர்மானம் எழுதி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். படிக்கிறேன்: இனி இரு தரப்பும் ஏறாமல் நம் சங்கத்தின் ஆட்டோ எதுவும் கிளம்பாது! ஆனால் இதை நிறைவேற்றுவதற்கு முன் ஒன்று.

மூன்றாம் வரிசையில் இருக்கும் சுயம்பு அண்ணாச்சி, கொஞ்சம் என்னைப் பாருங்கள். பாய் வேண்டுமென்றே உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. போகச் சொன்னவன் நான். இதை எழுதிக் கையெழுத்திட்டு எடுத்து வந்திருக்கிறேன். சட்டம் என்னைக் காக்குமா? தெரியாது. மறுபடி வழக்குப் போடுவதானால், என் மீது போடுங்கள்.