வில் வளைக்கும் அறையின் தாழ்ப்பாள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். இங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை. எடை சமமாக நிற்க வேண்டும் என்று எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கவலைப்படுகிறது. மற்றவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வயலின் வில் எங்கள் வீட்டுத் தொழில். கச்சேரியில் நீங்கள் வயலினைப் பார்த்திருப்பீர்கள், வில்லைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வாசிக்கிறவர்கள் பார்ப்பார்கள். எங்கள் வில்லைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். "கையில எடையே தெரியல, தந்தியில வெச்சா அசைய மாட்டேங்குது ஐயா" என்பார்கள். எல்லோரும் இதையேதான் சொல்வார்கள், தானே முதலில் கண்டுபிடித்தது போல. நானும் முதல் தடவை கேட்பது போலத் தலையாட்டுவேன். உபசாரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

குச்சியின் பக்கவாட்டில் எங்கள் குடும்பப் பெயரைச் சுடும் இரும்பு முத்திரையால் பதிப்போம். முத்திரைப் பெட்டியின் சாவி என்னிடம். பதித்து வந்தது என் தம்பி. எல்லோரும் 'மாஸ்டர்' என்று கொண்டாடியதும் அவனைத்தான். சில வருடங்களுக்கு முன் மாஸ்டரின் கை நடுங்க ஆரம்பித்தது. வில்லுக்கு வளைவு கொடுப்பது நடுங்கும் கைக்கு ஆகாது. குச்சியைக் கரித் தணலுக்கு மேலே காட்டி, பதம் பார்த்து, விரலால் அமுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கருகும், இல்லாவிட்டால் முறியும்.

அதன்பின் வளைப்பதையும் பதிப்பதையும் தம்பியின் மனைவி செய்தாள். தன்னைவிட நன்றாகச் செய்வதாக அவனே சொல்வான். அவனுக்கு வெட்கம் எப்போதுமே குறைவு. மாஸ்டரின் வில் என்றுதான் வெளியே போயிற்று. அவள் உள்ளே போனதும் நான் வெளியே தாழ்ப்பாள் போடுவேன். வருகிறவர்கள் தெரியாத்தனமாகத் திறந்துவிடக் கூடாதே. காற்றுப் பட்டால் தணல் சீராக நிற்காது என்பதால் ஜன்னல் கிடையாது. கூரையோரம் புகைத்துளை ஒன்றுதான். முடிந்ததும் கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள், திறப்பேன். விருந்தாளி இருந்தால் அவர் கிளம்பும்வரை உள்ளேயே இருப்பாள். குடும்பம் என்றால் அனுசரித்துத்தானே போக வேண்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாள். "மாமா, இப்பச் செய்யற வில்லுல முத்திரைக்குப் பக்கத்துல என் எழுத்து ஒண்ணு போட்டுக்கறேன். சின்னதா."

"போடட்டுமே அண்ணே, செய்யறது அவதானே" என்றான் தம்பி.

"கை ஆடுதுன்னா வாயும் சேர்ந்து ஆடணுமாடா?" என்றேன்.

அவள் விடவில்லை. "நாளைக்கு வர்ற வயலின்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன். ஏன் மாமா, அந்த முத்திரைப் பெட்டி கைய விட்டுப் போயிட்டா வீட்ல உங்களுக்கு என்ன வேலைன்னு பயமா?"

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு எனக்கு உறைக்கவே இல்லை. வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது என்றால், என் ஞாபகசக்தி அப்படி.

மறுநாள் காலை தம்பியைக் கைக்கு வைத்தியம் பார்க்க அனுப்பினேன். நான் அவனைக் கவனிக்காத அண்ணன் இல்லை. அவள் வளைக்கப் போனாள். தாழ்ப்பாள் போட்டேன். பிறகு வெளியே ஏணி வைத்து, வில்களைச் சுற்றித் தருவோமே, அந்த நீல வெல்வெட் துணியால் புகைத்துளையை அடைத்தேன். வேலை செய்யும்போது அவள் பாடுவாள், பெண் குரல் முன்னறைக்குக் கேட்கக் கூடாதென்று அடைத்ததாக நேற்று உங்கள் விசாரணையில் சொன்னேன். அது பாதி உண்மை. மூடிய அறையில் கரித் தணல் என்ன செய்யும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அது மீதிப் பாதி.

வயலின்காரர் வந்தார். அவள் முன்பு செய்திருந்த ஒரு வில்லைக் கொடுத்தேன். வழக்கம்போல் கண்ணை மூடினார், வாசித்தார். உள்ளிருந்து இரண்டு தட்டு.

"யாரோ கதவத் தட்டறாங்களே, ஐயா?"

"பழைய வீடு, சூட்டுக்கு மரம் அப்படித்தான் சத்தம் போடும். அந்த வேகமான இடத்த இன்னொரு தடவ வாசிங்க. அதுலதான் வில்லோட அருமை தெரியும்."

வாசித்தார். நல்ல கலைஞர், ஆரம்பித்துவிட்டால் வேறு எதுவும் காதில் விழாது. தட்டல் இரண்டு இரண்டாக வந்தது, பிறகு ஒழுங்கு தவறியது, பிறகு நின்றது. வாசிப்பு இன்னும் பாக்கி இருந்தது. நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை.

அவர் போன பிறகு திறந்தேன். அவள் கதவடியில் கிடந்தாள். குச்சி மேசைமேல் பத்திரமாக இருந்தது, வளைவில் ஒரு குறை இல்லை. கதவைத் தட்ட அதை எடுக்கவில்லை, வெறும் கையால்தான் தட்டியிருக்கிறாள். நம் குடும்பத்துக்கு ஏற்ற பெண்தான் என்று அப்போது ஒத்துக்கொண்டேன்.

மிச்சத் தணலை வெளியே எடுத்து வந்து முத்திரையைச் சூடாக்கினேன். என் அப்பா அதை ஒருநாளும் என்னைப் பதிக்க விட்டதில்லை. வெல்வெட் துணியை எடுக்க வேண்டும் என்று நினைவு வந்தது. ஆனால் இரும்பு சரியான பதத்தில் இருந்தது, ஆறவிட மனம் வரவில்லை, அவள் வளைத்த குச்சியில் பதித்தேன். அதனால்தான் நீங்கள் அந்தத் துணியைக் கண்டெடுத்தீர்கள்.

எல்லா வில்லும் அவள் செய்தது என்று தம்பி உங்களிடம் அழுதிருக்கிறான். துக்கத்தில் மனிதர்கள் எதையும் சொல்வார்கள். முத்திரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றீர்கள். முதல் வில் யாருக்கும் அப்படித்தான் வரும்.

ஆரம்பத்தில் நீங்கள் என் தொழிலைக் கேட்டீர்கள். நான் நாற்காலியைப் பற்றிப் பேசிவிட்டேன். வில் செய்பவன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.